இணையச் சட்ட வழக்கறிஞர் தொழில் (இந்தியா)

இணையம், கணினி, மின்னணு வணிகம் தொடர்பான வழக்குகளைக் கையாள்பவரைச் 'சைபர் வழக்கறிஞர்' என்று நீதிமன்ற வட்டாரத்தில் அழைத்தாலும், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அப்படியொரு தனிப்பிரிவை வகுக்கவில்லை. பார் கவுன்சிலில் பதிவு பெற்ற எவரும் இவ்வழக்குகளில் வக்காலத்துத் தாக்கல் செய்யலாம். இத்துறையில் முதலில் இறங்கியோர் வர்த்தக முத்திரை வழக்கறிஞர்களே. 1999இல் யாஹூ நிறுவனம், தன் பெயருடன் 'இந்தியா' என்பதைச் சேர்த்து இணைய முகவரி நடத்தியவருக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது, பிறர் பெயரின் மதிப்பில் தன் வணிகத்தை நடத்தக் கூடாது என்னும் பழைய கோட்பாட்டைக் கொண்டுதான்.

ஐ.நா.வின் 1996ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த குற்றப்பிரிவுகளே பொதுமக்களின் கவனத்தைப் பெற்றன என்றாலும், வழக்கறிஞர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது, அதன் வாயிலாக 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் நுழைந்த 65பி என்னும் பிரிவுதான். கணினியிலிருந்து எடுத்த அச்சுப்படியோ குறுந்தகடோ சாட்சியமாக ஏற்கப்பட வேண்டுமெனில், அது எந்தக் கருவியிலிருந்து, எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதற்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும் என்பது அதன் சாரம். பெண்ணொருவரைப் பற்றி யாஹூ குழுமத்தில் ஆபாசச் செய்தி இட்டவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டனை விதித்த வழக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் தொடக்ககாலத் தண்டனைகளுள் ஒன்று. அதிலேயே இத்தகைய சான்றிதழ் இடம்பெற்றது.

ஆயினும் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், சான்றிதழ் இன்றியும் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை ஏற்கலாம் என்றதால், ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்தப் பிரிவு ஏட்டளவில் கிடந்தது. கேரளத் தேர்தல் வழக்கொன்றில் தேர்தல் பிரசாரப் பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகளை அதே நீதிமன்றம் 2014இல் சான்றிதழ் இல்லாத காரணத்தால் ஒதுக்கித் தள்ளியபோதுதான், சிசிடிவி பதிவை நம்பியிருந்த சாதாரணக் குற்றவியல் வழக்கறிஞரும் இத்துறையின் நுணுக்கங்களைத் தேட வேண்டியதாயிற்று. 2018இல் தளர்த்தப்பட்ட விதி 2020இல் மீண்டும் இறுக்கப்பட்டது. ஒரே பிரிவுக்கு இத்தனை திருப்பங்கள் என்பது கட்சிக்காரர்களுக்குச் சுமையாகவும் வழக்கறிஞர்களுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது.

கருத்துரிமைத் தளத்தில், இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று செல்லாதென அறிவிக்கப்பட்டது. அதே சட்டத்தின்கீழ், இணைய வங்கி மோசடியில் பணமிழந்தோர் இழப்பீடு கோரும் மனுக்களை விசாரிப்பவர் நீதிபதியல்லர், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் என்பது இத்தொழிலின் இன்னொரு வினோதம்.

சாட்சியச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63ஆம் பிரிவில் சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கியுள்ளது. முதற்பகுதியில் ஆவணத்தைத் தாக்கல் செய்யும் தரப்பும் இரண்டாம் பகுதியில் வல்லுநரும் கையொப்பமிடுவதோடு, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் 'ஹாஷ்' எனப்படும் அடையாள எண்ணையும் அதில் குறிக்க வேண்டியிருப்பதால், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படியை மட்டும் கொண்டுவரும் கட்சிக்காரரிடம், கைப்பேசியில் எதையும் அழிக்காமல் அதை எடுத்துவரும்படி வழக்கறிஞர் முதலில் சொல்ல நேர்கிறது.