கண்ணியும் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகள் மலிந்த நிலம். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம், திருக்கோகர்ணம் என எப்பக்கம் திரும்பினாலும் பாறையிலும் கோயிற் சுவரிலும் பழைய எழுத்துகள் நம்மை எதிர்கொள்கின்றன. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த சாசனங்களைத் தொகுத்து 1929-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள் கொண்ட அத்தொகுப்பைப் புரட்டினால், கொடைச் செய்திகளே பக்கந்தோறும் கண்ணிற் படும். ஒருவர் நந்தா விளக்கு எரிய ஆடுகள் அளித்தார். மற்றொருவர் நிலம் அளித்தார். வேறொருவர் பொன் அளித்தார். இன்னார் கொடுத்தார், இவ்வளவு கொடுத்தார், இன்ன ஆண்டில் கொடுத்தார் என்று கணக்குப் பிசகாமல் கல்லிலே வெட்டி வைத்தனர் நம் முன்னோர்.

அதே ஊர்களில், அதே காலத்தில், வீட்டுக்குள்ளே நடந்த கொடைகளும் உண்டு. தாய் மகளுக்கு ஈந்தாள். பாட்டி பேரனுக்கு ஈந்தாள். தமக்கை தங்கைக்கு ஈந்தாள். அக்கொடைகளுக்குக் கல்லும் இல்லை, செம்பும் இல்லை. அவற்றைச் செய்த கைகளின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். இதற்கு எடுத்துக்காட்டாக ஒரே ஒரு பொருளை வைத்துக்கொள்வோம். குடும்பத்தாருக்குப் பரிசாக அளிக்கப் பெண்கள் நூலாலோ கம்பளி இழையாலோ பின்னும் பூவேலைப் போர்வையே அப்பொருள்.

பூவேலைப் பின்னல் என்பது என்ன? நெய்த துணியில் இழைகள் நெருங்கி நிற்கும். இப்பின்னலிலோ இழைகள் விலகி நின்று துளைகளை உண்டாக்கும். துளைகளை அடுக்கும் முறையிலேதான் இலையும் பூவும் கொடியும் தோன்றுகின்றன. கொக்கி ஊசி ஒன்றைக் கொண்டு பின்னுவது ஒரு முறை. நீண்ட ஊசிகள் இரண்டைக் கொண்டு பின்னுவது மற்றொரு முறை. இரண்டிலும் கண்ணியே உயிர். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு கண்ணி நழுவினால், அதன் கீழுள்ள கண்ணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழத் தொடங்கும். பின்னி முடித்த போர்வையை நனைத்து, நாற்புறமும் இழுத்து, ஊசி குத்தி உலர விட்டால்தான் துளைகள் விரிந்து வடிவம் துலங்கும்.

இத்தகைய பெரிய போர்வை ஒன்றுக்கு எத்தனை கண்ணிகள் வேண்டும்? மாணவர்களாகிய நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வரிசைக்கு 300 கண்ணிகள் என்றும், வரிசைகள் 400 என்றும் கொள்வோம். மொத்தம் 1,20,000 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணிகள் பின்னும் விரைந்த கைக்கு 6,000 நிமிடங்கள், அதாவது 100 மணி நேரம் பிடிக்கும். வீட்டு வேலை முடிந்த பின் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பின்னினால் ஐம்பது நாள் உழைப்பு. தவறிய கண்ணியைத் தேடுவதும், அவிழ்த்துத் திருத்துவதும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனைக்குப் பின்னும், “பொழுது போகாமல் பின்னியது” என்று ஒரு சொல்லால் அதை நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். திருமயம், பொன்னமராவதி வட்டாரங்களில் நகரத்தார் ஊர்கள் பல உள்ளன. அங்கே திருமணச் சீர் என்பது ஊரறியப் பரப்பிக் காட்டும் செல்வம். பொன்னும் வெள்ளியும் பித்தளையும் மரவையும் வரிசை வரிசையாக நிற்கும். திருமண உடன்பாட்டை இசைகுடிமானம் என்னும் பெயரால் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் வாணிகம் செய்து, வரவு செலவை வரியெழுத்துப் பிசகாமல் எழுதிய சமுதாயம் அது. அவ்வீட்டு ஆச்சிமார் பனையோலையைச் சாயமேற்றிக் கொட்டான்கள் முடைந்தனர். அவற்றை மணிகளாலும் நூற்பின்னலாலும் அழகு செய்வதும் உண்டு. திருமண நாளிலும் விழா நாளிலும் உறவினர்க்குரிய பரிசுப் பொருள்கள் அக்கொட்டான்களிலே சென்றன. பொருளைத் தாங்கிச் சென்ற கொட்டானே ஒரு பரிசு என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பர்? கொட்டானில் இருந்த பொருளுக்குக் கணக்கு இருந்தது. கொட்டானை முடைந்த கைக்குக் கணக்கு இல்லை.

இந்த மறதி விந்தையானது. ஏனெனில் தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். ‘பனுவல்’ என்ற சொல்லுக்கும் அவ்வாறே இரு பொருள்கள் உண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சுக்கும், செய்யுளை இழைக்கும், புலவனை நூற்கும் பெண்ணுக்கும் ஒப்பிட்டார். அவருக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே சங்கப் புலவர்கள் பருத்தி நூற்கும் பெண்டிரையும், ஆடவர் துணையின்றித் தம் உழைப்பால் நுண்ணிழை நூற்ற மகளிரையும் பாடினர். இழைக்கும் ஏட்டுக்கும் ஒரே பெயரை வைத்த மொழி, இழை செய்தவளை ஏட்டிலே எழுதச் சற்றே மறந்துவிட்டது.

ஆயினும் நம் தமிழகத்திலே ஓரிடத்தில் இந்தப் பூவேலைப் பின்னல் வரலாற்று ஏட்டில் ஏறியது. அவ்விடம் நாகர்கோவில். பூவேலைப் பின்னலை அப்பகுதியில் ‘ரேந்தை’ என்பர். இச்சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. சாவி, அலமாரி, சன்னல் ஆகிய சொற்களும் அவ்வழியே வந்தவைதாம்.

1819-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவர் தம் மனைவி மார்த்தா மால்ட்டுடன் நாகர்கோவில் வந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. மார்த்தா அம்மையார் பெண்களுக்கென ஒரு பள்ளியை நடத்தி, அடுத்த சில ஆண்டுகளுக்குள் ரேந்தை வேலையையும் அங்கே கற்பித்தார். அது ஊசியால் பின்னும் முறை அன்று. பஞ்சுத் தலையணை போன்ற திண்டின்மேல் வடிவம் வரைந்த தாளை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் பலவற்றை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்கும் நுண்கலை. அவ்வாறு செய்த ரேந்தையை விற்ற பணம் பள்ளிச் செலவுக்கு உதவியது. வேலை செய்த பெண்களுக்கும் கூலி கிடைத்தது.

அக்கூலி ஓர் அரிய செயலைச் செய்தது. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை வழங்கியது. நிலத்தை விற்பதுபோல் மனிதரையும் விற்றனர். பள்ளிக்கு வந்த பெண்களில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தோரும் இருந்தனர். அவர்களுட் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பொருளைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முற்றிலும் ஒழித்து ஆணை பிறப்பித்தது 1855-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அரசாணை வருமுன்பே, திண்டின்முன் அமர்ந்த சில பெண்கள் தம் கைகளால் தளையை அறுத்துக்கொண்டனர். மன்னர்களின் போர்களை மனப்பாடம் செய்யும் நாம் இச்செய்தியையும் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா. அவர் 1844-ஆம் ஆண்டில் மணந்தவர், பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிப் புகழ் பெற்ற கால்டுவெல். மணமான பின் எலைசா அம்மையார் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி அமைத்து, தாயிடம் கற்ற ரேந்தை வேலையை அங்கும் பரப்பினார். 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்பிலக்கணத்தைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். அந்நூல் பிறந்த வீட்டிலிருந்தே மற்றொரு நூலும் புறப்பட்டு ஏழைப் பெண்களின் கைக்குச் சென்றதை அறிந்தோர் சிலரே. வரலாறு இங்கும் முழு நீதி செய்துவிடவில்லை. ஏடுகள் ஆசிரியைமாரின் பெயர்களைச் சொல்கின்றன. பின்னிய மாணவியரின் பெயர்களை அவை அரிதாகவே சொல்கின்றன.

உழைப்புக்குக் கூலி கிடைத்தால் போதும், எல்லாம் நலமாகிவிடும் என்று நினைக்கலாமா? அதற்கு விடை காண ஒரு கணம் கடல் கடந்து செல்வோம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்குள்ள பெண்கள் ஆட்டு மயிரை மிக நுண்ணிய இழையாக நூற்றுப் பெரிய சால்வைகள் பின்னுவர். விரித்தால் ஆளை மூடும் சால்வை, சுருட்டினால் மணமோதிரத்துள் நுழைந்துவிடும் என்பது அதன் புகழ். 1837-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாருக்கு ஷெட்லாந்துப் பின்னல் காலுறைகள் காணிக்கையாயின. புகழ் பரவிற்று, விற்பனை பெருகிற்று. ஆனால் பின்னியவள் கையில் காசு விழவில்லை. வணிகர்கள் சால்வையைப் பெற்றுக்கொண்டு, தம் கடைத் தேயிலையையும் துணியையும் மாற்றாகக் கொடுத்தனர். விலையை முடிவு செய்தவரும் வணிகரே; கணக்கை எழுதியவரும் வணிகரே. 1872-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழுவின்முன் அப்பெண்கள் வந்து நின்று தம் நிலையைக் கூறினர். அவர்கள் சொற்கள் அச்சேறியதால்தான் இன்று நாம் அவற்றை அறிகிறோம்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர் வட்டாரத்தில் கொக்கி ஊசிப் பின்னல் பெருந்தொழிலாக வளர்ந்தது. மேசை விரிப்பும் கட்டில் விரிப்பும் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றன. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கே ஆய்வு செய்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளோடு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்களுக்கு, அன்று ஒரு ரூபாய்க்கும் குறைவான கூலியே கிடைத்தது என்று அவர் கண்டார். இதற்குக் காரணம் யாது? அவர்கள் தொழிலாளர் என எண்ணப்படவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்ற பேச்சே கூலியைக் குறைத்தது. “பொழுது போகாமல் பின்னியது” என்று நாம் சொல்லும் சிறு சொல் எத்துணை விலை உடையது என்பதை இப்போது உணரலாம்.

ஆகவே, பின்னும் கைக்குக் கூலி மட்டும் போதாது; கணக்கும் அக்கையில் இருத்தல் வேண்டும். இதனைப் புதுக்கோட்டை மாவட்டமே நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. 1991-ஆம் ஆண்டில் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பல்லாயிரம் பெண்கள் எழுத்தறிவு பெற முன்வந்தனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அதுவரை கல் குவாரிகளில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உழைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்குப் பெற்றனர். கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தபின் உழைப்பின் நிலையே மாறியது. கல்லுடைக்கும் கைக்குப் பொருந்தும் உண்மை கண்ணி பின்னும் கைக்கும் பொருந்தும்.

இனி ஓர் ஐயம் எழலாம். அன்பினால் தரும் பரிசுக்குக் கணக்கு எதற்கு? தாய் மகளுக்குப் பின்னிய போர்வைக்கு விலை கூறுதல் தகுமோ? தகாது, விலை கூற வேண்டியதும் இல்லை. கோயிலுக்கு ஆடு அளித்தவனும் விலை கேட்கவில்லையே! அவன் கொடையும் அன்பின் கொடைதான். எனினும் அதனை எண்ணி, அளந்து, பெயரோடு பொறித்தனர். எண்ணியதால் அக்கொடையின் பெருமை குறைந்ததா? இன்றளவும் நாம் அதனை அறிந்து போற்றுவதற்கு அந்த எழுத்தே காரணம். அன்பை விலைப்படுத்துவது வேறு, அன்பின் உழைப்பை அறிந்து பதிவு செய்வது வேறு.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் பின்னல் விரிப்பு ஒன்று இருக்கலாம். ஓலைக் கொட்டான் ஒன்று இருக்கலாம். பழம்புடவைகளை ஒட்டித் தைத்த போர்வை ஒன்றேனும் இருக்கும். அதனை வெளியே எடுத்துப் பாருங்கள். யார் செய்தது, எந்த ஆண்டில் செய்தது, யாருக்காகச் செய்தது, எத்தனை நாள் பிடித்தது, அக்கலையை யாரிடம் கற்றார் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, அப்பொருளோடு சேர்த்து வையுங்கள். கல்வெட்டு ஆராய்ச்சியாளர் பாறையிலே படி எடுக்கும் பணிக்கு அது சற்றும் தாழ்ந்ததன்று. சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பாறை காத்திருக்கும், பாட்டியின் நினைவு அவ்வாறு காத்திராது.