அடியெடுத்துக் கொடுக்கும் திரை: சபைப் பாடல் வரிகள் கண்ணுக்குத் தெரிந்த வரலாறு

ஞாயிறு ஆராதனையில் ஒரே பாட்டின் வரிகள் இன்று ஒரே நேரத்தில் மூன்று வடிவங்களில் தெரிகின்றன. ஆலயத்தின் பெரிய திரையில் நான்கைந்து வரிகள். பாடகர்களை நோக்கி வைத்த மேடைத் திரையில் நடப்பு வரியும் அடுத்து வரப்போவதும். வீட்டிலிருந்து நேரலையில் கலந்துகொள்பவரின் கைப்பேசியில், படத்தின் அடிவிளிம்பில், இரண்டே வரிகள். இந்த மாற்றத்தைக் கணினியின் கதையாகச் சொல்வது வழக்கம். சபையாருக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு எழுத்து கிடைக்கிறது, அந்த அளவை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வியின் கதையாக இக்கட்டுரை அதைப் பார்க்கிறது. புரொஜெக்டர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி அது.

இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் 1644இல் உருவாக்கிய பொது ஆராதனைக் கையேடு, எழுத்தறியாதோர் மிகுந்த சபைகளில் ஒருவர் சங்கீதத்தை வரிவரியாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பாடலாம் என்று ஏற்பாடு செய்தது. நம் வழக்கில் சொன்னால், அடியெடுத்துக் கொடுத்தல். தற்காலிக ஏற்பாடாகச் சொல்லப்பட்டது பல தலைமுறைகளுக்கு நீடித்தது. அதன் விளைவைப் பாட்டு எழுதுபவரின் பக்கமிருந்து பதிவு செய்தவர் ஐசக் வாட்ஸ். 1707இல் வெளிவந்த தம் பாடல் தொகுதியின் முன்னுரையில், வாசிப்பும் பாட்டும் மாறிமாறி வரும் அந்த முறையை அவர் நொந்துகொள்கிறார். ஆனாலும் அதற்கு இணங்கியே எழுதினார்: வரியின் நடுவே வாக்கியம் நிற்பது அரிது, வரி முடியும் இடத்தில் நிறுத்தம் இல்லாமல் போவதும் அரிது. சபைக்கு வரி எட்டிய வழி கவிஞரின் இலக்கணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1720களில் நியூ இங்கிலாந்தின் சீர்திருத்தக்காரர்கள் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார்கள். இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடக் கற்பிக்கும் பாட்டுப் பள்ளிகள் தோன்றின. ஆளுக்கொரு நூல் கைக்கு வந்தபோது, முழுப் பாட்டும் ஒரே பார்வைக்குள் வந்தது. அடுத்த சரணத்துக்கு முன்கூட்டியே கண்ணை ஓட்டலாம், பிடித்த பாட்டை வீட்டிலும் புரட்டலாம். தமிழ்ச் சபைகளும் இதே வழியில் வந்தவை. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவின் மிஷன் அச்சுக்கூடமும், 18ஆம் நூற்றாண்டில் மிஷனரி பப்ரிசியுஸ் தமிழாக்கிய ஜெர்மன் ஞானப்பாட்டுகளும் நூல் வழிப் பாடலுக்கு அடித்தளமிட்டன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளோ பாடகரின் வாய்வழியே பரவிய மரபு. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியபோது அந்த வாய்வழி மரபும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கீர்த்தனை நூலில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் நிற்கும். ஆலயச் சுவரில் பாட்டு எண் பலகை தொங்கும். வரி கையில், எண் சுவரில் என்ற இந்தப் பங்கீடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை.

சுவரில் வரியையே காட்டும் எண்ணம் ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாயவிளக்கு (மேஜிக் லான்டர்ன்) கூட்டங்களில் கண்ணாடித் தகடுகளில் எழுதிய பாடல்கள் திரையில் ஒளிர்ந்தன. (திரையரங்குக் கூட்டத்தைச் சேர்ந்து பாடவைக்க கார்ட்டூன் படத் தயாரிப்பாளர் மாக்ஸ் ஃப்ளைஷர் 1920களில் வரிகளின் மேல் துள்ளும் பந்தை ஓடவிட்டார். சபைகள் அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டது நல்லதே.)

உண்மையான திருப்பம் ஓவர்ஹெட் புரொஜெக்டர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவப் பயிற்சியில் புழங்கி, 1960களில் 3எம் நிறுவனத்தின் மலிவான மாதிரிகளால் பள்ளிகளுக்கு வந்த கருவி அது. அதே காலத்தில் கலிபோர்னியாவின் இயேசு இயக்க இளைஞர்கள் கிட்டாருடன் பாடத் தொடங்கிய சிறு பாடல்கள், 1971இல் உருவான மரநாதா மியூசிக் போன்ற வெளியீட்டாளர்கள் வழியே பரவின. இந்தப் பாடல்கள் அப்போது எந்தத் திருச்சபை நூலிலும் இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு வரும்போது நூல் அச்சிட்டு மாளாது, ஒரு பிளாஸ்டிக் தாளும் மார்க்கர் பேனாவும் போதும். ஒரு தாளுக்குள் அடங்கும், திரும்பத் திரும்பப் பாடக்கூடிய பாட்டுக்கு இது பொருத்தமாக இருந்தது. சின்னப் பாட்டைக் கருவி உண்டாக்கவில்லை, ஆனால் நீளப் பாட்டைச் சுமையாக்கியது என்றே நான் சொல்வேன். ஏழு சரணம் என்றால் மூன்று தாள். தாளை மாற்ற ஓர் ஆள். தலைகீழாக வைத்தால் சபையே சிரிக்கும்.

இங்கே சட்டம் குறுக்கிட்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(3) பிரிவு வழிபாட்டுத் தலத்தில் நடக்கும் ஆராதனையில் பாடுவதற்கும் காட்டுவதற்கும் விலக்கு தருகிறது, நகலெடுப்பதற்குத் தருவதில்லை. வரியைச் சுவரில் காட்டலாம், அதற்காகத் தாளில் எழுதுவதுதான் சிக்கல். சிகாகோ மறைமாவட்டப் பங்குகள் பாடல்களை அனுமதியின்றி நகலெடுத்ததை ஒட்டி எஃப்.இ.எல். பதிப்பகம் தொடுத்த வழக்கில், 1984இல் ஜூரி 30 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. அதில் பெரும்பகுதி மறுஆண்டு மேல்முறையீட்டில் நீங்கியது, அச்சம் நீங்கவில்லை. ஓரிகனின் போர்ட்லண்டில் ஒரு சபையின் இசைப் பொறுப்பாளராக இருந்த ஹோவர்ட் ரக்கின்ஸ்கி தொடங்கிய உரிம முயற்சி, 1988இல் சிசிஎல்ஐ என்ற பெயரில் நிறுவனமானது. ஒரே ஆண்டுக் கட்டணத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களைத் தாளிலோ கணினியிலோ ஏற்றலாம் என்ற நிலை வந்த பிறகே திரை முறை சட்டப்படி நிலைபெற்றது.

1987இல் வந்த பவர்பாயிண்ட் தாளின் வேலையைக் கணினிக்கு மாற்றியது, அவ்வளவுதான். எழுத்தும் தோற்றமும் அதிலும் ஒட்டியே இருந்தன.  ஈஸிவொர்ஷிப், ஓப்பன்எல்பி, புரோபிரசென்டர் போன்ற ஆராதனை மென்பொருள்கள் செய்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது: பாட்டை வெறும் எழுத்தாகத் தரவுத்தளத்தில் வைத்து, தோற்றத்தைக் காட்டும் நேரத்தில் மட்டும் போர்த்தினார்கள். பல திரைகளுக்குக் கதவைத் திறந்தது இந்தப் பிரிவினைதான். ஒரே வரியைப் பெரிய திரைக்கு நகரும் பின்னணியோடும், மேடைக்குக் கறுப்பில் வெள்ளையாகக் கடிகாரத்தோடும், நேரலைக்குப் பின்னணியே இல்லாமலும் அனுப்பலாம். பின்னணியில்லாத எழுத்தைக் கேமரா படத்தின் மேல் பதிக்க, எழுத்துக்கு ஒன்று, எந்த இடம் ஊடுருவித் தெரியவேண்டும் என்பதற்கு ஒன்று என இரண்டு சிக்னல்கள், படங்களை மாற்றிக் கலக்கும் கருவியான ஸ்விட்சருக்குப் போகும். அதற்கு வசதியில்லாத சபைகள் பச்சைப் பின்னணியில் எழுத்தைக் காட்டி, பச்சையை ஸ்விட்சரில் நீக்கிக்கொள்கின்றன. 2015இல் வந்த என்டிஐ முறை இதையே நெட்வொர்க் வயர் வழியாக அனுப்ப வைத்தது. 2019இல் வந்த ஏடெம் மினி போன்ற விலை குறைந்த ஸ்விட்சர்கள் சிறு சபைக்கும் இதை எட்டவைத்தன.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, அதுவரை உதிரியாக இருந்த மூன்றாம் திரை, அதாவது நேரலைத் திரை, முதல் திரையாயிற்று. ஏப்ரல் 12 ஈஸ்டரில் பல சபைகளுக்கு அது ஒன்றே இருந்தது. கதவுகள் திறந்த பிறகும் வீட்டிலிருப்போரை விட மனமில்லை. அமெரிக்கச் சட்டத்தின் விலக்கு வழிபாட்டுத் தலத்தோடு நின்றுவிடுவதால் நேரலைக்குத் தனி உரிமம் தேவைப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) உட்பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதையும் பொதுமக்களுக்குச் சேர்ப்பதையும் உரிமை மீறலிலிருந்து விலக்குகிறது. அது இடத்தைப் பற்றி நிற்காமல் சடங்கைப் பற்றி நிற்கிறது. நகலைப் பற்றி அதுவும் பேசுவதில்லை.

தமிழ்ப் பாட்டுக்கு எந்தத் திரையும் எளிதல்ல, இந்த மூன்றாம் திரை மற்ற இரண்டையும்விட இறுக்கமானது. தமிழ் யூனிகோடில் 1991இலேயே இடம்பெற்றாலும், சபைக் கணினிகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் நெடுநாள் கிடந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கீர்த்தனையில் ஒவ்வொரு சரணமும் முடிந்து பல்லவிக்குத் திரும்பவேண்டும். நூலில் கண் செய்த அந்தத் தாவலை இப்போது இயக்குபவர் விசையில் செய்கிறார், அதுவும் கடைசிச் சீர் வாயில் இருக்கும்போதே. ஒரு நொடி பிந்தினால் சபை தடுமாறும். புணர்ச்சியால் நீண்ட சொற்கள் வரியை மடக்கும், எழுத்தைச் சிறிதாக்கினால் கைப்பேசியில் தெரியாது. தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பும் சேர்த்தால், இரண்டு வரிக்கான இடத்தில் தமிழுக்கு ஒன்றுதான் மிஞ்சும்.

ஓப்பன்எல்பியில் பாட்டை எங்கே முறிக்கலாம் என்று காட்ட ஒரு குறி உண்டு. பலரும் அதை இடத்துக்குத் தக இடுகிறார்கள், யாப்புக்குத் தக இடுவதில்லை. எதுகையால் பிணைந்த இரண்டு அடிகளில் முதலாவது ஒரு ஸ்லைடிலும் இரண்டாவது அடுத்ததிலும் போய்விழுகின்றன. காதுக்கு எதுகை கேட்கிறது, கண்ணுக்கு அகப்படுவதில்லை. தலைப்பிலிருந்த ராகமும் தாளமும் எந்தத் திரைக்கும் வருவதில்லை. மேடைத் திரையில் கிட்டாருக்கான கோர்டுகளுக்கு (chords) இடம் கொடுக்கும் மென்பொருள்களில் அவற்றையும் சேர்க்கத் தடையேதும் இல்லை. பாட்டை முதலில் தட்டச்சு செய்பவர் அந்த ஒரு வரியையும் சேர்த்துத் தட்டினால் போதும்.