கல்விசாரா ஊழியர் எண்டு யாரைச் சொல்லுறம்?

விஞ்ஞானபீடத்தில் படிச்ச எல்லாருக்கும் இது பழகின காட்சி. காலை 9 மணிக்கு இரசாயனவியல் செய்முறை. உள்ளே போனால் ஒவ்வொருவருடைய இடத்திலும் கழுவிக் கவிழ்த்த குடுவை, தாங்கியில் பூட்டின அளவி, குழாயி, பெயர் ஒட்டின போத்தலில் கரைசல். மூன்று மணித்தியாலம் நியமிப்புச் செய்து, வாசிப்பைக் கொப்பியில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். அந்தக் கரைசல் எங்கேயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. 60 மாணவர்களுக்கு ஆளுக்கு 100 மில்லிலீற்றர் எண்டாலே 6 லீற்றர் கரைசல் வேணும். சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்துத் தண்ணீரில் கரைச்சால் மட்டும் செறிவு சரிவராது. அது காற்றில் இருக்கிற ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும். அதனால் கரைச்ச பிறகு, பொற்றாசியம் ஐதரசன் தலேற்று போன்ற நம்பகமான ஒரு பதார்த்தத்தோடு நியமித்துத்தான் உண்மையான செறிவைக் கண்டுபிடிக்க வேணும். அதாவது, நீங்கள் அளவியைத் தொட முதலே இன்னொருவர் அதை வைத்து ஒரு நியமிப்பைச் செய்து முடிச்சிட்டார். நுண்ணுயிரியல் செய்முறை எண்டால் இன்னும் முந்தியே தொடங்க வேணும். ஏகார் ஊடகத்தைக் கரைச்சு, 121 பாகையில் 15 நிமிசம் கிருமியழித்து, தட்டுகளில் ஊற்றி, முதல்நாளே பற்றீரியாவை வளர விட வேணும். ஒரு நாள் பிந்தினால் நீங்கள் பார்க்கிறதுக்கு அங்கே ஒண்டும் இருக்காது.

அந்த "இன்னொருவர்" தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பார், அல்லது ஆய்வுகூட உதவியாளராக இருப்பார். பிறையுருவின் அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்க வேணும் எண்டு எங்கட தோளுக்குப் பின்னால் நிண்டு சொல்லித் தந்தவரும் பலவேளை அவர்தான். ஆனால் எங்கட பல்கலைக்கழகங்களின் நிர்வாக மொழியில் அவருக்குப் பெயர் "கல்விசாரா ஊழியர்". கல்வியோடு சேராதவர். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

உயர்தரத்தில் படிச்ச போயிலின் விதியை நினைச்சுப் பாருங்கோ. ரொபேட் போயில் தன் காற்றுப் பம்பிப் பரிசோதனைகளை 1660இல் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பம்பியை அவருக்குச் செய்து கொடுத்தவர், அப்போது அவரிடம் சம்பளத்துக்கு உதவியாளராக இருந்த ரொபேட் ஊக். ஊக்கின் விதிக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஊக் பிறகு பெயர் பெற்றுவிட்டார். போயிலுக்காக உலை மூட்டி, பம்பி இயக்கி, அளவெடுத்த மற்ற உதவியாளர்களில் பெரும்பாலானோரின் பெயர்கூட எங்கும் இல்லை. வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவர்களைக் கண்ணுக்குத் தெரியாத தொழில்நுட்பவியலாளர்கள் எண்டு அழைத்தார். அவர்கள் அறையில்தான் இருந்தார்கள். காசு கொடுத்தவருடைய கை மாதிரி அவர்களைக் கருதினபடியால் தனியாகப் பெயர் எழுதத் தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆய்வுகூடங்கள் வந்த பிறகு இந்த வேலை ஒரு நிரந்தர உத்தியோகமாக மாறியது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடம் நல்ல உதாரணம். ஏர்னஸ்ட் ரதபோர்ட் 1907இல் பேராசிரியராக அங்கே வந்தபோது, சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் கே எண்டவர் அங்கே இருந்தார். விரிவுரைகளில் செய்து காட்டுகிற பரிசோதனைகளை ஆயத்தம் செய்கிறதும், கருவிகளைப் பராமரிக்கிறதும், ஆராய்ச்சிக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கிறதும் அவருடைய பொறுப்பு. அதே இடத்தில் ஒட்டோ பவும்பாக் எண்ட கண்ணாடி ஊதும் கைவினைஞரும் இருந்தார். அல்பாத் துணிக்கை உண்மையில் ஈலியம்தான் எண்டு 1909இல் நிரூபிச்ச பரிசோதனைக்கு, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் குறைந்த தடிப்புள்ள கண்ணாடிக் குழாய் தேவைப்பட்டது. அல்பாத் துணிக்கை ஊடுருவிப் போகவும் வேணும், வளியமுக்கத்தில் குழாய் உடையவும் கூடாது. அதை ஊதிக் கொடுத்தவர் பவும்பாக். அந்தக் குழாய் இல்லாட்டி அந்தப் பரிசோதனையே இல்லை.

முதலாம் உலகப்போர் வந்தபோது இளம் ஆராய்ச்சியாளர்கள் போருக்குப் போய்விட்டார்கள். ரதபோர்ட்டோடு மிஞ்சி நிண்டவர் கே. நைதரசன் அணுவின் கருவை அல்பாத் துணிக்கைகளால் தாக்கி மாற்றலாம் எண்டு கண்டுபிடிச்ச அந்தப் பரிசோதனைகளில், நாக சல்பைட்டுத் திரையில் தெரிகிற நுண்ணிய ஒளிப்பொட்டுகளை நுணுக்குக்காட்டியால் பார்த்து ஒவ்வொண்டாக எண்ண வேணும். எண்ண முதல் அரை மணித்தியாலம் இருட்டுக்குள் இருந்து கண்ணைப் பழக்க வேணும். ஒரு நிமிசம் எண்ணினால் ஒரு நிமிசம் ஓய்வு. கண் களைச்சால் கணக்குப் பிழைக்கும். கேயின் கண்களும் அந்தக் கண்டுபிடிப்பின் கருவிகள். 1919இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் ரதபோர்ட் அவருக்குப் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். ஆனாலும் கட்டுரையின் ஆசிரியர் ஒருவர்தான்.

மான்செஸ்டரில் இடைவெளி வர்க்கத்தால் வந்தது. அமெரிக்காவில் அதோடு நிறமும் சேர்ந்தது. விவியன் தோமஸ் 1910இல் பிறந்த கறுப்பினத்தவர். தச்சுத்தொழில் தெரிஞ்சவர். வைத்தியராக வேணுமெண்டு காசு சேர்த்தார். 1930இல் வங்கி முறிய, சேமிப்பு முழுக்கப் போய்விட்டது. அந்த ஆண்டு வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அல்பிரட் பிளலொக் எண்ட சத்திரசிகிச்சை நிபுணரின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி உதவி, பதிவேட்டில் இருந்த பதவி துப்புரவுத் தொழிலாளி. 1941இல் இருவரும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸுக்கு மாறினார்கள். பிறவி இதயக் கோளாறால் ஒட்சிசன் போதாமல் உடல் நீலம் பாரிக்கிற குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை முறையை நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து உருவாக்கியவர் தோமஸ். 1944 நவம்பர் 29இல் முதற் குழந்தைக்கு அதைச் செய்தபோது, பிளலொக்கின் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நிண்டு, எங்கே தைக்கிறது, எப்படித் தைக்கிறது எண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் பிளலொக்கின் பெயரும், குழந்தை இதயநோய் நிபுணர் ஹெலன் டோசிக்கின் பெயரும் இருந்தன. தோமஸின் பெயர் இல்லை.

ஆனால் அந்த ஆய்வுகூடத்தில் ஒரு தலைமுறைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குக் கைப்பழக்கம் சொல்லிக் கொடுத்தவர் அவர். பட்டம் இல்லாதவரிடம் பட்டதாரிகள் படித்தார்கள். சம்பளம் போதாமல் பிளலொக் வைத்த விருந்துகளில் குடிவகை பரிமாறியும் அவர் உழைத்திருக்கிறார். பகலில் தன்னிடம் படித்தவர்களுக்கே இரவில் கிளாஸ் நீட்ட வேண்டியிருந்தது. 1976இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்து, கற்பிக்கும் பதவியும் கொடுத்தது. அப்போது அவருக்கு 65 வயது.

மூன்றாவது கதை தென்னாபிரிக்காவில். இதில் ஒரு சிக்கல் இருக்கு, அதனால்தான் இது முக்கியம். ஹமில்ற்றன் நாகி 1926இல் ட்ரான்ஸ்கையில் பிறந்து, 14 வயதில் வேலை தேடிக் கேப் டவுணுக்கு வந்தவர். பல்கலைக்கழகத்தில் தோட்டவேலை கிடைத்தது. 1954இல் ரொபேட் கெட்ஸ் எண்ட ஆராய்ச்சியாளருக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்து வைத்திருக்க ஆள் தேவைப்பட்டது. தண்ணீர் குடிக்கக் குனியும்போது அந்த விலங்குக்கு ஏன் மயக்கம் வருவதில்லை எண்டு அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கூப்பிட்ட இடத்துக்கு நாகி போனார், பிறகு ஆய்வுகூடத்திலேயே நிண்டுவிட்டார். முதலில் கூடு கழுவினார். பிறகு விலங்குகளுக்கு மயக்கமருந்து கொடுத்தார், தைத்தார். கடைசியில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை விலங்குகளில் செய்து, இளம் வைத்தியர்களுக்குப் பழக்கினார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் வார்டுக்குள் சத்திரசிகிச்சை செய்ய அவருக்கு வழியே இல்லை. 1991இல் ஓய்வுபெற்றார். 2003இல் கேப் டவுண் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்கியது.

2005இல் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் வேறொரு கதையை எழுதின. 1967 டிசம்பர் 3இல் கிறிஸ்டியான் பார்னார்ட் செய்த உலகின் முதல் மனித இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையில், கொடையாளியின் இருதயத்தை இரகசியமாக எடுத்துக் கொடுத்தவர் நாகி எண்டது அந்தக் கதை. கேட்கச் சிலிர்க்கும். ஆனால் அது உண்மையில்லை. அண்டைக்கு அவர் அந்த வைத்தியசாலையிலேயே இருக்கவில்லை. அந்தக் கதையைப் போட்ட பெரிய பத்திரிகைகள் பிறகு திருத்தம் வெளியிட்டன. எங்கட சமூக ஊடகங்களில் அந்தப் பழைய கதை இண்டைக்கும் அப்பப்ப சுத்தும்.

ஏன் அந்தக் கதை தேவைப்பட்டது எண்டு கேட்க வேணும். தோட்டக்காரராக வந்தவர் வைத்தியர்களுக்கே கைப்பழக்கம் கற்பிச்சார் எண்ட உண்மை எங்களுக்குப் போதவில்லை. பேராசிரியர் செய்த பெரிய காரியத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தால்தான் அவர் பெரியவர் எண்டு நினைக்கிறம். அவரை உயர்த்துகிறதாக எண்ணி, அவர் உண்மையில் செய்த வேலையைத் திரும்பவும் மறைக்கிறம். கூடு கழுவினதும், தையல் சொல்லிக் கொடுத்ததும் இருதயத்தின் வெளிச்சத்தில் காணாமல் போகுது. மதிப்பின் அளவுகோல் மாறேல்லை, அளக்கப்படுகிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆய்வுகூட வேலை எழுத்தால் மட்டும் கைமாறாத அறிவு. தராசு எந்த நேரம் ஆடும், எந்த அளவியின் திருகு ஒழுகும், எந்தக் கரைசல் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது எண்டு செய்முறைக் கையேட்டில் இருக்காது. அது ஒருவருடைய கையில் இருக்கு, அவர் ஓய்வுபெறும்போது அவரோடு போய்விடும். இதைக் கல்வி எண்டு சொல்லாமல் வேறென்ன சொல்கிறது? 2024 மே மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீடிச்ச கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்தில், அவர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் இயங்காது எண்டதை நாடே பார்த்தது. அது முடிஞ்ச பிறகும் அந்தச் சொல் அப்படியே இருக்கு.

சொல்லை மாற்றுகிறது எங்கட கையில் இல்லாமல் இருக்கலாம். இரண்டு விசயம் எங்கட கையில் இருக்கு. ஒண்டு, ஆய்வேட்டின் நன்றியுரை. மேற்பார்வையாளருக்கு ஒரு முழுப் பந்தியும், "ஆய்வுகூட ஊழியர் அனைவருக்கும்" அரை வரியும் எழுதுகிற வழக்கத்தை விடலாம். எந்த வேலையை யார் செய்து தந்தார் எண்டு பெயரோடு எழுதலாம். இரண்டாவது, வில்லியம் கேயின் நினைவுகளை மான்செஸ்டர் பேராசிரியர் சாமுவேல் டெவன்ஸ் 1957இல் ஒலிப்பதிவு செய்து வைத்தார். அந்த ஆய்வுகூடம் அன்றாடம் எப்படி இயங்கியது எண்டு வரலாற்றாசிரியர்கள் அறிகிறதற்கு அந்தப் பதிவு உதவியிருக்கு. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத, பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட 90களின் முற்பகுதியிலும், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடம் நடத்தினவர்கள் இண்டைக்கு ஓய்வில் இருக்கிறார்கள். எதை வைத்து எதைச் செய்தார்கள் எண்டு அவர்களைத்தான் கேட்க வேணும். அதுக்குத் தேவையானது ஒரு போனும், ஒரு பின்னேரமும்.