தெருவிதழும் வீடிலார் தொழிலும்

வீடின்றித் தெருவில் வாழ்வோர் ஓர் இதழை விலைக்கு வாங்கி, அதனைத் தெருவிலேயே விற்றுப் பிழைக்கும் முறை மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. இதனைத் தொழில் என்பதா, இரத்தலின் மாற்றுருவம் என்பதா என்னும் வினா அவ்வப்போது எழுந்துள்ளது. அவ்விதழ் கைமாறும் முறையை நுணுகி நோக்கின் விடை புலப்படும் என்பது எம் கருத்து.

இவ்வகை இதழ்களுக்கு முன்னோடி, 1915 அளவில் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயி நகரில் எழுந்த 'ஹோபோ நியூஸ்' ஆகும். செல்வக் குடியிற் பிறந்தும் நாடோடிகளோடு நாடோடியாய் வாழ்ந்த ஜேம்ஸ் ஈட்ஸ் ஹௌ என்பாரது சங்கம் அதனை வெளியிட்டது. 'ஹோபோ' என்பது வேலை தேடி ஊரூராய்த் திரிபவனைக் குறிக்கும் சொல். வேலை செய்யாது திரிபவனுக்கு அந்நாட்டு வழக்கில் வேறு சொல் உண்டு. தம்மை இரவலரோடு ஒருங்கு எண்ணுதலை அம்மக்கள் உடன்படவில்லை என்பதற்கு இச்சொல் வேறுபாடே சான்றாகும்.

பல்லாண்டு கழித்து, 1989-இல் நியூயார்க்கில் 'ஸ்ட்ரீட் நியூஸ்' தோன்றியது. அந்நகரில் அதனைக் கண்ட கார்டன் ராடிக் என்னும் பிரிட்டன் நாட்டு வணிகர், தம் நண்பர் ஜான் பேர்டை அத்தகையதோர் இதழைத் தொடங்குமாறு தூண்டினார். பேர்டு தாமே வீடின்றி வாழ்ந்தவர், சிறையும் கண்டவர், அச்சுத்தொழில் அறிந்தவர். 1991 செப்டம்பரில் இலண்டனில் 'பிக் இஷ்யூ' வெளிவந்தது. முதலில் திங்களிதழாயிருந்த அது 1993-இல் வார இதழாயிற்று.

இனி, விற்பனை முறையைக் காண்போம். புதிதாய் வருபவர்க்குச் சில படிகள் விலையின்றித் தரப்படும். அவற்றை விற்ற பணமே அவர்தம் முதல். அதன்பின் அட்டை விலையிற் பாதியைக் கொடுத்து அவர் இதழ்களை வாங்குதல் வேண்டும். விற்காத படிகளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுதல் இயலாது. ஆதலின், எத்தனை படி வாங்குவது என்று மழையையும் கூட்டத்தையும் கணித்து முடிவு செய்பவர் அவரே. ஊதியமும் அவருடையது, இழப்பும் அவருடையது. இழப்பிற்கு இடமுள்ள இச்செயலை ஈகை ஏற்றல் என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? பழந்தமிழில் 'பகர்தல்' என்னும் ஒரு சொல்லே கூறுதலையும் விற்றலையும் குறித்தமை ஈண்டு நினையத்தக்கது. வழிப்போவாரை அழைத்துப் பேசாமல் தெருவில் எதனையும் விற்றல் அரிது. பலகாலும் பிறரால் பாராமுகமாய்க் கடந்து செல்லப்பட்டவர்க்கு அப்பேச்சே ஒரு பேறு.

இவ்வினா வழக்குமன்றத்தையும் எட்டியது. ருமேனிய நாட்டவர் பிரிட்டனில் பிறரிடம் பணிபுரிதற்கு 2013 முடியக் கட்டுப்பாடு இருந்தது. தாமே தொழில் நடத்துதற்குத் தடையில்லை. பிரிஸ்டலில் 'பிக் இஷ்யூ' விற்ற ருமேனியப் பெண்ணொருவர் வாடகை உதவித்தொகை கோரினார். நகர மன்றம் மறுத்தது. 2011-இல் மேல்தீர்ப்பாயம் அப்பெண்ணின் பக்கமே நின்றது. இதழ் விற்றல் உண்மையான சொந்தத் தொழிலே என்பது அதனால் நிலைபெற்றது. வருவாயின் சிறுமை தொழிலின் தன்மையை மாற்றாது என்பதே இதனால் யாம் கொள்ளும் பொருள்.

ஆயினும் விற்பவர் எத்துணை முயன்றாலும், வாங்குபவர் ஒரு செயலால் இவ்வணிகத்தை ஈகையாக்கிவிடக் கூடும். காசைக் கொடுத்துவிட்டு, இதழ் வேண்டா என்று சிலர் நடந்துவிடுவர். அவர்தம் உள்ளம் நன்றே. ஆனால் அந்நொடியில் வணிகர் இரவலராகிவிடுகின்றார். இதழைக் கட்டாயம் பெற்றுச் செல்லுங்கள் என்று 'பிக் இஷ்யூ' நிறுவனத்தார் வேண்டுவது இதன்பொருட்டே. இவ்விதழ்கள் வீடு தருவதில்லை. பலர்க்கு அவை தருவது அன்றாடச் செலவிற்குரிய சிறு தொகையே. இதனை மறைத்துப் புகழ்வார் கூற்றை யாம் ஏற்பதற்கில்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பிரிட்டனில் தெருவிற்பனை நின்றது. இங்கிலாந்தில் சூலையில் அது மீண்டும் தொடங்கியபோது, சில்லறைக் காசு வைத்திருப்போர் தொகை மேலும் குறைந்திருந்தது. அட்டைவழிப் பணம் பெறும் சிறு கருவியைக் கையிற்கொண்டு விற்போர் பெருகினர். அக்கருவிக்கு வங்கிக்கணக்கு வேண்டும். வங்கியோ பெரும்பாலும் முதலிற் கேட்பது வீட்டு முகவரியை.