ஓர் எழுத்தின் எடை: கேசி-135 டேங்கரும் ஓடுபாதைக் கணக்கும்

வானிலேயே பிற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 டேங்கரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அமெரிக்க விமானப்படையின் விவரக்குறிப்பு ஒன்றையே வழிமொழிகின்றன. எஞ்சின் மாற்றப்பட்ட ‘ஆர்’ வகை பழைய ‘ஏ’ வகையைவிட 25 விழுக்காடு எரிபொருள் சிக்கனமானது, 50 விழுக்காடு கூடுதல் எரிபொருளை வழங்க வல்லது என்கிறது அக்குறிப்பு. இரு எண்களும் அடுத்தடுத்து நிற்பதால், முன்னது காரணம், பின்னது விளைவு என்ற வாசிப்பு வேரூன்றிவிட்டது. குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. வாசித்தவர்கள் சேர்த்துக்கொண்டது அது. சிக்கனம் ஒரு காரணம்தான். ஆனால் டேங்கரின் திறனுக்கு முதல் வரம்பு வானில் அன்று, ஓடுபாதையில் விழுந்தது; அந்த வரம்பு தளர்ந்ததை இவ்வாசிப்பு கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கான சான்று ‘ஏ’ வகை எஞ்சினின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஜே57-பி-59டபிள்யூ. கடைசி எழுத்து தண்ணீரைக் குறிக்கிறது. புறப்படும் வேளையில் எஞ்சினுக்குள் நீர் பீய்ச்சப்படும். உட்புகும் காற்று குளிர்ந்து அடர்த்தி கூட, உந்துவிசை உயரும். நீரோடு சேர்த்துச் சொல்லப்படும் விசை எஞ்சினுக்கு 13,750 பவுண்டு. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரின் கொடை. இதற்காக விமானம் சுமந்த நீர் சுமார் 670 கேலன், அதாவது 5,500 பவுண்டுக்கு மேல். அத்தனையும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். மேலே எழும்பிய பிறகு பயன்படாத ஒன்றை இவ்வளவு எடையில் சுமக்க ஒரு விமானம் ஒப்புக்கொள்கிறது என்றால், அதன் உண்மையான தட்டுப்பாடு எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. 1956 ஆகஸ்ட் 31 அன்று முதன்முதல் பறந்த இவ்விமானத்துக்கு விமானிகள் ‘ஸ்டீம் ஜெட்’ என்று பெயரிட்டதில் கேலி பாதி, கணக்கு பாதி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நீண்ட பயணத்தில் டேங்கர் தானே பெரும்பங்கு எரிபொருளை எரித்துவிடுகிறது. அதில் மிச்சமாகும் ஒவ்வொரு பவுண்டும் கொடைக்குப் போகிறது. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே எரிக்கும் தொலைவுக்கு, 25 விழுக்காடு சேமிப்பு மட்டுமே கொடையை 50 விழுக்காடு உயர்த்திவிடும். கணக்கில் பிழையில்லை. ஆனால் இடைப்பட்ட ‘இ’ வகையை இங்கே சாட்சிக்கு அழைக்கலாம். பழைய 707 பயணிகள் விமானங்களிலிருந்து எடுத்த டிஎஃப்33 எஞ்சின்களைப் பொருத்திய அவ்வகை 14 விழுக்காடு சிக்கனம், 20 விழுக்காடு கூடுதல் கொடை என்று பதிவாகியிருக்கிறது. சிக்கனம் மட்டுமே காரணம் என்றால், இந்த இரு எண்களுக்கும் பொருந்தும் தொலைவில் ‘ஏ’ வகை சுமார் 59 விழுக்காட்டைத் தானே எரித்திருக்க வேண்டும். அதே தொலைவில் ‘ஆர்’ வகையின் 25 விழுக்காட்டைப் போட்டால் கிடைப்பது ஏறத்தாழ 36, ஐம்பது வரவில்லை. எஞ்சிய 14 புள்ளிகளுக்கு வேறு மூலம் வேண்டும். ‘இ’ வகையின் 20-லேயே ஓடுபாதை ஆதாயம் கொஞ்சம் கலந்திருந்தால், இந்த எச்சம் இன்னும் பெரிதாகுமே தவிர குறையாது.

அந்த மூலம் புறப்பாட்டு எடைதான் என்பது என் துணிபு. ‘ஆர்’ வகையில் பொருத்திய சிஎஃப்எம்56 எஞ்சின் ஒவ்வொன்றும் சுமார் 22,000 பவுண்டு விசை தந்தது, ஒரு சொட்டு நீரின்றி. உச்சப் புறப்பாட்டு எடை ஏறக்குறைய 2,97,000 பவுண்டிலிருந்து 3,22,500 பவுண்டுக்கு உயர்ந்தது. புதிய எஞ்சின்களின் சொந்த எடை அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தின்றிருக்கும். முழுவதும் எரிபொருளாக மாறியது என்று நான் வாதிடவில்லை. விவரக்குறிப்பின் இரு ஒப்பீடுகளும் ஒரே தொலைவை வைத்துப் போடப்பட்டவையா என்பதும் உறுதியில்லை. ‘இ’ வகைக்கு நீண்ட பயணம் என்ற நிபந்தனை இருக்கிறது, ‘ஆர்’ வகைக்கு இல்லை. ஆகவே 14 என்பதை அளவாக அன்று, திசைகாட்டும் எண்ணாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வியட்நாம் போர்க்காலப் பதிவுகளைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஏறத்தாழ 1,95,000 பறப்புகளில் சுமார் 900 கோடி பவுண்டு எரிபொருள் வழங்கப்பட்டது. சராசரி ஒரு பறப்புக்கு 46,000 பவுண்டுதான். டேங்கர் நிறையாமலே வேலை நடந்தபோது ஓடுபாதை எப்படித் தடையாகும்? சராசரி இங்கே வழி தவறச் செய்கிறது. அவை பெரும்பாலும் போர்முனைக்கு அருகே சண்டை விமானங்களுக்கு ஊட்டிய குறும்பயணங்கள். விமானம் பிறந்ததோ, அணுகுண்டு விமானங்களைத் தொலைதூரம் அனுப்ப முழுச்சுமையோடு எழும்புவதற்காக. அந்த எழும்பலில்தான் ‘டபிள்யூ’ தேவைப்பட்டது.

அந்த எழுத்து எப்போது மறைந்தது? ‘ஆர்’ வகை முதலில் பறந்தது 1982-இல். படைக்கு வந்தது 1984-இல். ‘ஏ’ வகையை மட்டும் எண்ணினால் ஒரு விடை. எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கென ஒதுக்கப்பட்டு, அதே நீர் எஞ்சின்களோடு பறந்த ‘க்யூ’ வகையையும் சேர்த்தால் விடை 1990-களின் நடுப்பகுதி நோக்கி நகர்கிறது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்லத் துணியவில்லை.