நான்கு கட்டங்களில் சிக்கிய சிகரெட்

ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வின் உயிர்நாடி, ஓர் இருவழி அட்டவணை. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்த 649 ஆண்கள் ஒரு வரிசை. வேறு நோய்க்காகச் சேர்ந்திருந்த, அவர்கள் வயதையொத்த 649 ஆண்கள் மறு வரிசை. நெடுக்கில் புகைத்தவர், புகைக்காதவர் என்று இரண்டு பிரிவுகள்.

முதல் வரிசையில் 647, 2. அடுத்ததில் 622, 27.

647ஐயும் 622ஐயும் மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அன்றைய பிரிட்டனில் ஆண்களில் பெரும்பாலோர் புகைத்தார்கள். சேதி இருந்தது சின்னக் கட்டங்களில்தான். வரிசைவாரியாகச் சதவீதம் போட்டால், புகைக்காதவர்கள் ஒருபுறம் 0.3, மறுபுறம் 4.2. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத இடைவெளி அது.

நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று சாலைத் தாரைத்தான் முதலில் சந்தேகித்திருந்தார் டால். ஆய்வு முடிவதற்குள்ளேயே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார்.