நம் வரலாற்றை நாமே எழுதக் கற்பித்த பண்டிதர் அயோத்திதாசர்

நாஞ்சில் நாட்டில் எழுத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. சுசீந்திரம் கோயிற் சுவர்களில் கல்வெட்டுகள் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் காக்கப்பட்ட ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் படியெடுத்து உலகறியச் செய்தார். வயல், குளம், வரி, வழக்கு என்று நூற்றாண்டுகளின் செய்திகள் அவற்றில் நிறைந்துள்ளன. நம் முன்னோரும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். எவ்வாறு? விலைப்பொருளாக! மனிதரை அடிமையாக விற்ற ஓலைகள் அத்தொகுதியில் உள்ளன. அவற்றில் விற்றவர் பேசுகிறார். வாங்கியவர் பெயர் நிற்கிறது. விற்கப்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன ஒரு சொல்லும் இல்லை.

திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து 1855ஆம் ஆண்டில் பிரகடனம் வெளியிட்டது. உடலுக்கு விடுதலை கிடைத்தது. எனினும் நாம் யார், எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் உரிமை பிறர் கையிலேயே இருந்தது. அவ்வுரிமையை மீட்க எழுதுகோல் ஏந்தியவர்களுள் முதன்மையானவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் நம் மாவட்டத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் அவர் கேட்ட கேள்வி நம்முடைய கேள்வியே ஆதலால், வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவர் வாழ்வை நம் இளைஞர் முன் வைக்கிறோம்.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணியில் இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகிய சுவடிகளை ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் எழுதியுள்ளார். நம்மவர் கல்வியற்றவர் என்போர்க்கு அவர் தந்த முதல் விடை அவருடைய வீட்டு வரலாறே.

பொதுப்பணி

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த பண்டிதர், 1891ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அதில் 10 தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப் பெயரால் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி, தேர்ச்சி பெற்றோர்க்கு வேலை, பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். கோரிக்கைகளைப் படிக்கும்போது அவற்றிற் பலவற்றுக்காக நம் பெற்றோரும் போராடினர் என்பது நினைவுக்கு வருகிறது.

1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துக்குக் கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் முதலிய இடங்களிலும் தொழிலாளர் நடுவே கிளைகள் தோன்றின. 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' என்று பெயர் பெற்றது. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறையும்வரை அவ்விதழை நடத்தினார்.

வரலாறும் மரபும்

'தமிழன்' இதழில் அவர் தொடர்ந்து எழுதியவற்றுள் 'இந்திரர் தேச சரித்திரம்' தலையாயது. இந்திரர் என்பது ஐம்புலன்களை வென்ற புத்தரின் பெயர் என்றும், அவர் அறம் பரவிய நாடே இந்திர தேசம் என்றும், அங்கே தொழிற்பெயர்கள் இருந்தனவேயன்றிப் பிறப்பால் உயர்வு தாழ்வு இருந்ததில்லை என்றும் அவர் வாதிட்டார். வேடதாரிகள் அவ்வறத்தை அழித்தபோது, அவர்தம் பொய்யை ஊரறியப் பறைந்தவர்களே பின்னர்ப் பறையர் என்று இழிக்கப்பட்டனர் என்றார். நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பறைதல் என்றால் சொல்லுதல் என்பது நம் பேச்சிலேயே உள்ளது அன்றோ!

நந்தனை அடிமையாகக் காட்டும் கதையை மறுத்து, அவர் ஓர் அரசர் என்று எழுதினார். திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றிப் பரப்பப்பட்ட ஆதி, பகவன் கதையையும் மறுத்தார். ஒரு குலத்தை இழிவுபடுத்த முதலில் அதன் பெரியோருக்குப் பொய்யான பிறப்புக் கதை கட்டப்படுகிறது என்பதை அவர் நன்கு கண்டிருந்தார்.

அவர் முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகளிற் பல மொழியியலுக்குப் பொருந்துவன அல்ல. வழிவழிச் செய்திகளைக் கல்வெட்டோடு ஒப்பிடும் வாய்ப்பும் அவருக்குக் குறைவாகவே இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. எழுதப்பட்ட வரலாறு யாருக்காக எழுதப்பட்டது என்று வினவும் துணிவையே அவர் நமக்கு விட்டுச்சென்றார். முடிவுகள் மாறலாம், அவ்வினா மாறாது.

மறதியும் மீட்சியும்

அத்தகையவரையும் தமிழுலகம் பல்லாண்டு மறந்திருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999ஆம் ஆண்டில், நமக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தால் வெளியிடப்பட்ட பிறகே அவர் எழுத்துகள் பலர் கைக்கு எட்டின. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. பழைய 'தமிழன்' இதழ்களைச் சிலர் தம் வீடுகளில் காத்திராவிடில் இவை நடந்திரா.

நம் கடமை

இளைஞர்களே! நம் மண்ணிலும் எழுதவேண்டிய வரலாறு உண்டு. மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் நம்மவருள் ஒருவர். அவர் அழைப்பை ஏற்று 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே இங்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. மிஷன் ஏடுகளில் இடம்பெற்றதால் அவர் பெயர் நிலைத்தது. ஏட்டில் ஏறாத பெயர்கள் எத்தனை எத்தனை!

ஆகவே உங்கள் ஊர் முதியோரிடம் செல்லுங்கள். பாட்டன் பூட்டன் பெயர்களையும், அவர்கள் உழைத்த வயல்களையும், குடிபெயர்ந்த ஊர்களையும், குலதெய்வங்களையும் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் தவறாது குறியுங்கள். கேட்டதைப் பள்ளிச் சேர்க்கை ஏட்டோடும், திருமுழுக்குப் பதிவேட்டோடும், நிலப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெருமைக்காக ஒன்றையும் கூட்டாதீர்கள். வெட்கத்துக்காக ஒன்றையும் மறைக்காதீர்கள். அடிமை ஓலையும் நம் வரலாறே.

கல்விச் சங்கம் கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. படித்தவர் எழுத வேண்டும். பிறர் ஓலையில் பொருளாகக் கிடந்த முன்னோர், நம் ஏட்டில் மனிதராக எழுந்து பேசட்டும்.